காலி நடை

புகைக்குழாய்க்குள் விரலை விட்டுச் சுழற்றினேன்.
விரல் சுத்தமாக வந்தது.
பழைய வண்டியில் இப்படிச் செய்தால்
நகக்கண்ணில் ஏறிய கரி
மூன்று நாள் சோற்றில் தெரியும்.
இது வெளியே எதையும் துப்பாது.
உள்ளே ஒரு தேன்கூட்டை வைத்துக்கொண்டு
எல்லாவற்றையும் விழுங்கும்.
விழுங்கி விழுங்கி
நேற்று ராயக்கோட்டை மேட்டில்
அறுபது பெட்டி தக்காளியோடு
மூச்சுப் பிடித்து நின்றுவிட்டது.

முகப்பில் ஆரஞ்சு விளக்கு.
ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
தவணை கட்டாத மாதத்தில்
ஃபைனான்ஸ்காரன் நம்பரைப் பார்ப்பதுபோல.

ஓசூர் ஷோரூமில் சொன்ன தொகையை
இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை.

தஸ்தகீர் வண்டிக்கு அடியிலிருந்து பேசினான்.
செருப்பு மட்டும் தெரிந்தது.
"வெட்டி, உள்ள இருக்கறத நோண்டி எடுத்துட்டு
வெறும் பைப்பா ஒட்டிர்லாம்ணா.
கம்ப்யூட்டர ஏமாத்த பெங்களூர்ல ஒரு பையன் இருக்கான்.
எல்லாரும் பண்றாங்க."
நான் பதில் சொல்லவில்லை.
வெளியே நகர்ந்து வந்து கை துடைத்தான்.
"தோட்டத்துல இருந்து மண்டி. மண்டியில இருந்து தோட்டம்.
ஏழு கிலோமீட்டர்.
வரிசையில ஆஃப் பண்ணாம ஒரு மணி நேரம்.
சூடாகறதுக்குள்ள வீடு வந்துருது.
இது ஒரு நாள்கூட ஓடினதே இல்லண்ணா.
பெரிய ரோட்டுல ஏத்து.
முள்ளு ரெண்டாயிரத்துக்குக் கீழ இறங்கக் கூடாது.
பாளையம் டோலுக்கு முன்னாடி திருப்பிக்கோ.
நடுவுல மட்டும் நிறுத்தாத."

இரவு பத்தரைக்குக் கிளம்பினேன்.
முனிரத்னா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.
"எங்க?"
"எங்கயும் இல்ல."
கல்யாணமான பதினான்கு வருடத்தில்
அங்கே அவளை நான் கூட்டிப்போனதே இல்லை.

பின்னால் காலிப் பெட்டிகள் தடதடத்தன.
காவேரிப்பட்டினத்தில் டீக்கடை வெளிச்சம்.
"நிறுத்தேன்."
"நிறுத்தக் கூடாது."
காரிமங்கலம் தாண்டி அவளுக்கு ஒன்றுக்கு வந்தது.
"நிறுத்தக் கூடாது."
"வண்டிக்கு வைத்தியம் பாக்கறதுல
எனக்கு உசுரு போவுது" என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

கல் ஏற்றிய லாரிகளை முந்தினோம்.
கேரளா பஸ் ஒன்று எங்களை முந்தியது.
கண்ணாடியில் சாய்ந்த தலைகள்.
எல்லோருக்கும் போய் இறங்க ஓர் ஊர் இருந்தது.

தர்மபுரி மேம்பாலம் ஏறும்போது
அடியிலிருந்து கருகல் வாடை,
வாணலியை அடுப்பில் மறந்த வீட்டு வாடை.
எஞ்சினுக்குத் தொண்டை கட்டியது.
உள்ளே அறுநூறு டிகிரி வரும் என்று சொல்லியிருந்தான்.
எங்கள் இருக்கைக்குக் கீழே
ஒரு வருடத்து மண்டி வரிசை எரிந்தது.
விலை ஏறுமென்று எஞ்சினை அணைக்காமல் நின்ற விடியல்கள்.
கிலோ மூன்று ரூபாயானபோது
ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்த
ஒரு செவ்வாய்க்கிழமை.

விளக்கு எப்போது அணைந்தது என்று
இரண்டு பேருமே பார்க்கவில்லை.

டோலுக்கு முன்னால் திரும்பி, நிறுத்தி,
அவள் இருட்டுக்குள் ஓடினாள்.
நான் தஸ்தகீருக்கு போன் போட்டேன்.
தூக்கத்தில் சொன்னான்:
"கரி எரிஞ்சிரும்ணா. சாம்பல் எரியாது.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அங்கயே தங்கும்.
வெய்யி, காலைல பேசலாம்."

எதிர்க்கடையில் இரண்டு டீ.
மடியில் கணக்கு நோட்டை விரித்தாள்.
டீசல், எட்டு லிட்டர்.
ஏற்றிய சரக்கு, ஒரு கோடு.
இறக்கிய இடம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.
"அடுத்த மாசமும் வரணுமா?"
"விளக்கு எரிஞ்சா."
"எரியும்" என்றாள்,
டீயை ஊதிக்கொண்டு.